பத்தாவது சொல்

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தபோது ஞானசிகாமணிக்கு, இசக்கியப்பன் இன்றைக்கும் வரமாட்டான் என்று தோன்றிவிட்டது. தோன்றியதும் விரல்கள் நின்றுபோயின, ஈர்க்கு பாதி உருவியபடி, இலை பாதி முறத்திலும் பாதி மடியிலுமாக. ஜன்னலுக்கு வெளியே பாளையங்கோட்டையின் சனிக்கிழமை தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, பழைய இரும்பு வாங்குகிறவர் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனார், எதிர்வீட்டு மோட்டார் தண்ணீர் ஏறாமலே உறுமியது. மணி ஒன்பதரை. பன்னிரண்டு மணிக்கு மாடியில் பத்துப் பேர் இருக்கவேண்டும். பத்து என்றால் பத்துதான். போன சனிக்கிழமை ஒன்பது, அதற்கு முந்தின சனிக்கிழமை ஒன்பது, மூன்றாவது வாரமும் ஆள் சேரவில்லை என்றால் கூட்டத்தைக் கலைத்துவிடுவது என்று ஒரு விதி, அந்த விதியைப் போட்ட புண்ணியவான் யார், வேறு யார், நீதான், உன்னை யார் கேட்டது, ஆரம்பத்தில் எல்லாமே முறையாக இருக்கட்டும் என்று எழுந்து நின்று சொன்னாயே, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மலையிலிருந்து கற்பலகையோடு இறங்கி வந்தவன் மாதிரி. இப்போது அந்தப் பலகை உன் காலிலேயே விழப்போகிறது. அவன் கீரையை மறுபடியும் உருவத் தொடங்கினான். கீரை மணத்தது. ஆச்சரியமாக, பயத்துக்கு நடுவிலும் அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறி மனசைக் கொஞ்சம் தூக்கிவிட்டது.

இன்று சமையல் முறை அவனுடையது. சமைக்கிறவன் சமைக்கும்போது மற்ற ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக நினைக்கவேண்டும், அவர்களுக்கு என்ன வேண்டுமோ அது கிடைக்கட்டும் என்று. சமைத்தது யார் என்று யாரும் கேட்கவும் கூடாது, பாராட்டவும் கூடாது. இஸ்ரேலில் வேலை பார்த்தபோது, கபாலா படிக்கிறவர்கள் நடுவே அவன் பார்த்த வழக்கம் அது. கபாலா என்பது யூதர்களின் மறைஞானம் என்று அவன் எல்லோருக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான், அதற்குமேல் சொல்லப் போனால் மணிக்கணக்காகும், ஆனால் சாரம் ஒரு உள்ளங்கை அளவுதான்: மனிதன் மொத்தமும் ஒரே சரக்கால் செய்யப்பட்டவன், வாங்கிக்கொள்ளும் ஆசை, எனக்கு, எனக்கு, இன்னும் எனக்கு. அந்த ஆசையை அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டாம், சட்டையை உள்ளும் வெளியுமாகத் திருப்புகிற மாதிரி திருப்பிவிட்டால் போதும், வாங்குவதையே கொடுப்பதற்காக வாங்கலாம். விருந்துக்குப் போகிறவன் முதலில் வேண்டாம் வேண்டாம் என்கிறான், வெட்கம். அப்புறம் வீட்டுக்காரர் முகம் வாடுவதைப் பார்த்து, அவர் சந்தோஷத்துக்காகச் சாப்பிடுகிறான். அப்போது சாப்பிடுகிறவன்தான் கொடுக்கிறவன். இதைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு யாராவது புத்தகம் போட்டுச் சொல்லித்தர வேண்டுமா? "இப்பதான் சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லாமல் ஒரு வீட்டில் உட்கார்ந்தவன் இந்தச் சீமையில் உண்டா? அவனுக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. ஆனால் இந்தத் திருப்பலைத் தனியாகச் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். தனியாக இருக்கும்போது எல்லோரும் பணிவானவர்கள்தான். அதனால்தான் பத்துப் பேர், ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கு முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்ள, தாழ்த்திக்கொண்டார்களே, முதல் இரண்டு மாதம், அடேயப்பா, யார் ரொம்பத் தாழ்வு என்று ஒரு போட்டியே நடந்தது, பத்து நாற்காலியும் சும்மா கிடக்கப் பத்துப் பேரும் தரையில், கடைசியில் விசாலம் டீச்சர்தான், இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவர், சுவரைப் பிடித்து எழுந்துகொண்டு, "எனக்கு முட்டி வலிக்கி. நான் அகங்காரத்தோடயே நாற்காலியில உக்காந்துக்கிடுதேன், நீங்க எல்லாரும் மோட்சத்துக்குப் போங்க" என்றார். அன்றைக்குத்தான் கூட்டம் உண்மையில் ஆரம்பித்தது.

கத்தரிக்காய் டீச்சருக்கு என்று நினைத்து நறுக்கினான், அவர் முட்டி சரியாகட்டும். வாழைக்காய் ஹமீது பாய்க்கு, மகளுக்கு நல்ல இடம் அமையட்டும். மாங்காய், முருங்கைக்காய், அவரைக்காய். ஆறாவது ஆளுக்குக் காய் தீர்ந்துவிட்டது. கூட்டாஞ்சோற்றில் எல்லாம் ஒன்றாகத்தானே வேகப்போகிறது, ஒரு காயை இரண்டு பேருக்குப் பங்கு வைத்தால் குற்றமில்லை, சின்ன உள்ளி எல்லோருக்கும் பொது. இசக்கிக்கு என்ன? இசக்கிக்கு என்று கையில் எடுத்தது எல்லாம் கத்தியின் கீழ் கோணலாக விழுந்தது. என்ன சொன்னாய் அவனை? சொல்லு, திரும்பவும் சொல்லிப் பார், உனக்குத்தான் வரிக்குவரி ஞாபகம் இருக்கிறதே. மூன்று வாரத்துக்கு முன்னால், பன்னிரண்டு மணிக்கு, எல்லோரும் உட்கார்ந்ததும் இசக்கியப்பன் எழுந்து, டவுன் பஸ் கண்டக்டர், இருபது வருஷ சர்வீஸ், காதிலிருந்து பேனாவை உருவி, ஒவ்வொரு தலைக்கும் நேராக நீட்டி, ஒன்னு, ரெண்டு, மூணு என்று எண்ண ஆரம்பித்தான். அவ்வளவுதான். ஆள் சேர்ந்தாயிற்றா என்று பார்க்க எண்ணினான், அன்போடுதான் எண்ணினான். உனக்குள் பார்வோன் எழுந்தான். "மனுசனை விரல் நீட்டி எண்ணக்கூடாது வே! இஸ்ரேல்ல அப்படி வழக்கமே கிடையாது. ஆடா மாடா, டிக்கெட்டா? பத்துச் சொல் உள்ள ஒரு வாக்கியத்தைச் சொல்லி, ஆளுக்கொரு சொல்லா எண்ணணும். பதினோரு வருசம் நான் பாத்திருக்கேன், நீரு எங்க பாத்தீரு?" கடைசி மூன்று சொல்தான் விஷம். நீரு எங்க பாத்தீரு. இசக்கி பேனாவைக் காதில் திருப்பிச் செருகினான், "எனக்குத் தெரிஞ்சது டிக்கெட்டுதான் அண்ணாச்சி" என்றான், சிரித்தமாதிரிதான் இருந்தது, படி இறங்கிப் போய்விட்டான். ஞாயிறு பள்ளியில், எகிப்து ராஜா பார்வோனும் அவன் சேனையும் கடலில் முங்கியதைக் கைதட்டிப் பாடிய பிள்ளைதான் ஞானசிகாமணி. எகிப்து என்பது வரைபடத்தில் இருக்கும் தேசம் மட்டுமல்ல, ஒவ்வொருவன் நெஞ்சுக்குள்ளும் ஓர் இடுக்கமான இடம், அங்கே ஆளும் ராஜாவுக்கு நான் என்று பெயர் என்று படித்தபோது புல்லரித்துப்போய் இதே மாடியில் மற்றவர்களுக்கு விளக்கியவனும் அவன்தான். விளக்கியபோது பார்வோன் உள்ளே உட்கார்ந்து, நல்லா சொல்லுதே, நல்லா சொல்லுதே என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பருப்பு பொங்கியது. தீயைத் தணித்துவிட்டு அரிசியைக் களைந்து போட்டான், மஞ்சள் போட்டான், ஆவி முகத்தில் அடித்தது, அடித்ததும் ஸஃபேத்தின் குளிர் ஞாபகம் வந்தது, ஏன் சூட்டில் குளிர் ஞாபகம் வருகிறது, தெரியவில்லை. இஸ்ரேலின் வடபகுதியில் மலைமேல் ஊர், கல் படிக்கட்டுகள், விடிவதற்கு முன்னால் மொர்தெகாயைச் சக்கர நாற்காலியில் வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ரொட்டி சுட்டுப் பிழைத்த கிழவர், பக்கவாதத்தில் இடதுபக்கம் விழுந்துவிட்டது, வலதுபக்கம் முழுக்க வசவு. அவரைக் கவனித்துக்கொள்ளத்தான் இவனுக்குச் சம்பளம். மேலே ஒரு அறையில் ஒன்பது கிழவர்கள், இவரோடு பத்து, படிப்பார்கள், சண்டை போடுவார்கள், மேசையைத் தட்டிப் பாடுவார்கள், ஒருவர் எப்போதும் தூங்குவார். சிகாமணி வாசலை ஒட்டி நின்று தேநீர் ஊற்றுவான். பனி பெய்த ஒரு காலையில் ஒருவர் வரவில்லை. பத்து சேராமல் தொடங்கக்கூடாது, ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். எண்ணினார்கள், அந்தப் பத்துச் சொல் வசனத்தைச் சொல்லி. ஒன்பதாவது சொல்லோடு நின்றது. பார்வைகள் சுற்றி வந்து இவன்மேல் பட்டன, கதவின்மேல் படுவதுபோலப் பட்டு, நகர்ந்துபோயின. அவர்கள் சட்டப்படி யூதனல்லாத இவனை எண்ண முடியாது, அது யாருடைய குற்றமும் அல்ல, ஆனால் அன்றைக்குத் தேநீர்க் கெண்டி எவ்வளவு கனத்தது! இறக்கத்தில் நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வரும்போது மொர்தெகாய் முகத்தைத் திருப்பாமலே சொன்னார், "உனக்கென்ன, அந்த அறையிலேயே அதிர்ஷ்டக்காரன் நீதான். உன்னை யாரும் எண்ணுவதில்லை. எண்ணப்படாதவனுக்குத்தான் தேநீர் ஊற்றக் கை சும்மா இருக்கிறது." கிழவர் கேலி செய்கிறார் என்று நினைத்தான், நாற்காலியை ஒரு படியில் வேண்டுமென்றே கொஞ்சம் தடக்கென்று இறக்கினான், கிழவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், திட்டிவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு மனசுக்குள் சபதம் போட்டவன் இவன்: ஊருக்குப் போனதும் எனக்கென்று பத்துப் பேர், அதில் முதலில் எண்ணப்படும் தலை என் தலை. அந்தச் சபதம்தான் இந்த மாடி, இந்த ஜமுக்காளம், இந்த விதி எல்லாம். அப்படியானால் அஸ்திவாரமே நான்தானா? நானைக் கரைக்க நான் கட்டிய வீடா?

தேங்காயும் சீரகமும் அம்மியில் வைக்கலாமா மிக்ஸியிலா என்று ஒரு கணம் யோசித்து, அம்மி என்றால் பெருமை, மிக்ஸி என்றால் வேலை என்று முடிவு செய்து மிக்ஸியில் போட்டான். அப்போது சுகந்தி, அவன் மனைவி, சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சமையலறையை எட்டிப் பார்த்தாள். "என்ன, மோட்சம் வேகுதா?" "வேகுது, வேகுது." "இசக்கி அண்ணனுக்குப் போன் போட்டீங்களா?" அவன் மிக்ஸியை இன்னொரு சுற்று ஓட்டினான், அது நின்ற பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள். "எழுதிட்டுதான் இருக்கேன் சுகந்தி." "மூணு வாரமா எழுதுதீங்க. பரீட்சைக்கா எழுதுதீங்க? பத்துப் பேருக்குப் பொங்கத் தெரியுது, ஒரு ஆளுக்கு ஒரு போன் போடத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். எழுதியது உண்மைதான். எழுதி எழுதி அழித்ததும் உண்மை. ஒரு கடிதம், நான் என் அகந்தையை உணர்ந்துவிட்டேன் என்று தொடங்கியது, ஆஹா, உணர்ந்துவிட்டாராம். இன்னொன்று, என்னைவிட நீர் உயர்ந்தவர் என்பதைப் பார்க்கும் கண் எனக்கு இப்போதுதான் திறந்தது. கண்ணைப் பற்றித்தான் அந்த வரி, இசக்கியைப் பற்றி அல்ல. மன்னிப்புக் கேட்கிற ஒவ்வொரு வரியிலும் நான் என்கிற ஆள் மாலை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனை வெளியே அனுப்பிவிட்டு எழுதலாம் என்றால் எழுத ஆளில்லை.

மாங்காய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டான், புளிக்கிறதா பார்க்க, புளிப்பு பல்லுக்குள் இறங்கிக் கண் ஒன்று தானாக மூடிக்கொண்டது, அந்த ஒற்றைக் கண்ணோடேயே, யோசிப்பதற்கு முன்னால், மஞ்சள் அப்பிய விரலால் போனில் இசக்கியின் எண்ணை அமுக்கிவிட்டான். மணி அடித்தது. வைத்துவிடு. வைக்காதே. "சொல்லுங்க அண்ணாச்சி." பின்னால் பஸ்ஸின் இரைச்சல், யாரோ சில்லறை கேட்கிறார்கள். "இசக்கி, மாங்கா ரொம்பப் புளிக்கி." இதுவா சொல்லவந்தது? அந்தப் பக்கம் விசில் ஊதும் சத்தம் கேட்டது. "புளியக் கொறச்சிப் போடுங்க." "அன்னைக்கு நான் பேசினது தப்பு வே." "என்னைக்கு?" "மூணு வாரத்துக்கு முன்ன." "அதுவா. உள்ள போங்கம்மா, படியில நிக்காதீங்க... உங்களச் சொல்லல அண்ணாச்சி." "வாரும் இன்னைக்கு." "டூட்டியில இருக்கேன். ஆளு மாத்தி விட்டா பாப்பம். பருப்பு அடிப்பிடிக்காம பாத்துக்கிடுங்க" என்றான், வைத்துவிட்டான். பாப்பம் என்றால் என்ன? நம் ஊரில் பாப்பம் என்பதற்கு வரமாட்டேன் என்றும் பொருள் உண்டு, வருகிறேன் என்றும் உண்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய மைதானம் உண்டு, அந்த மைதானத்தில் அவன் இனி பன்னிரண்டு மணிவரை நடக்கவேண்டும். ஆனாலும் நெஞ்சில் ஏதோ தளர்ந்திருந்தது. போனின் கண்ணாடியில் மஞ்சள் விரல் அச்சு. புளியைக் குறைத்தான். கீரையைப் போட்டான், அரைத்ததைப் போட்டான், கறிவடகத்தைக் கிள்ளித் தாளித்துக் கொட்டினான், சோறு உஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டது, வீடு முழுவதும் மணம், மணம், இந்த மணத்தை யாரும் பாராட்டக்கூடாதே என்று முதலில் ஒரு சின்ன வலி, அப்புறம் அந்த வலி எங்கேயோ போய்விட்டது, ஏனென்றால் அப்பளம் பொரிக்கவேண்டியிருந்தது, அப்பளம் யாரையும் யோசிக்க விடாது, ஒரு நொடி தவறினால் கரிந்துவிடும். விசாலம் டீச்சருக்கு ஒன்று, ஹமீது பாய்க்கு ஒன்று, கடிக்க முடியாத ஏசுவடியானுக்கு நொறுங்கினது ஒன்று, இசக்கிக்கு இரண்டு, அவன் வரட்டும், வராவிட்டாலும் அவனுக்கு இரண்டு.

அப்புறம் எல்லாம் ஒரே ஓட்டமாகப் போயிற்று. பானையைத் துணிபோட்டுப் பிடித்து மாடிக்கு ஏற்றினான், பத்து இலையை வட்டமாகப் போட்டான், தண்ணீர் தெளித்தான், அவர்கள் வழக்கத்தில் பரிமாறத் தனி ஆள் கிடையாது, பானை நடுவில், பத்துப் பேரும் சுற்றி. படியில் காலடிகள் கேட்க ஆரம்பித்தன. டீச்சர் ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை படியைத் திட்டிக்கொண்டு வந்தார், ஹமீது பாய் தாம்பூலத் தட்டை உயர்த்திப் பிடித்தபடி, ஏசுவடியான் மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு மற்றவர்கள், தண்ணீர் எங்கே, மின்விசிறி ஏன் கத்துகிறது, கொஞ்சம் நகருங்க என்று ஒரே இரைச்சல், சிகாமணி உப்பை எடுக்க ஓடினான், கரண்டியை எடுக்க ஓடினான், டீச்சருக்கு நாற்காலியும் முன்னால் முக்காலியும் இழுத்துப் போட்டான், ஒருவர் வேட்டியில் தண்ணீர் கொட்ட அதைத் துடைத்தான், பன்னிரண்டடிக்க இரண்டு நிமிஷம், வாசல் வெறுமையாக இருந்தது, அந்த வெறுமையை அவன் பார்க்காமல் பார்த்தான், அப்போது கீழே செருப்பைக் கழற்றும் சத்தம், இரண்டிரண்டு படியாக ஏறும் சத்தம், காக்கிச் சட்டையோடு, தோளில் தோல்பையோடு, காதில் பேனாவோடு இசக்கியப்பன். "வண்டிய இன்னொருத்தன் கையில குடுத்துட்டு வாரேன். எங்க அந்தப் புளிச்ச மாங்கா?" யாரும் ஒன்றும் கேட்கவில்லை, டீச்சர் மட்டும் "ஏறி உள்ள வா, படியில நிக்காத" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், சிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது, ஆவிதான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று பானையைத் திறந்தான்.

திறந்துவிட்டு, கையில் கரண்டியோடு, வழக்கப்படி எண்ணினான். விரல் நீட்டாமல், கண்ணால் மட்டும், அவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட பத்துச் சொல்லில்: இன்று, வந்தவர், எல்லாரும், ஒரே, வீட்டார், யாருக்கும், யாரும், விருந்தாளி, இல்லை. இல்லை என்ற சொல் இசக்கியின் மேல் விழுந்தது. இங்கே என்ற கடைசிச் சொல் வாயில் தங்கிவிட்டது, அதைப் போட ஆளில்லை. மறுபடி எண்ணினான், இந்தத் தடவை டீச்சரிடமிருந்து இடதுபக்கமாக. மறுபடியும் இல்லையோடு முடிந்தது. யார் வரவில்லை? எல்லா முகமும் இருக்கிறதே. வட்டத்தில் ஓர் இலை காலியாகக் கிடந்தது, தண்ணீர் தெளித்தபடி, பளபளவென்று, யாருடைய இலை அது? கீழே இறங்கிப் போய்ச் செருப்பைப் பார்த்தான், ஒன்பது ஜோடி, சந்தேகமில்லை. திரும்பி வந்தான். "டீச்சர்," என்றான், "ஒன்பதுதான் இருக்கோம்." எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மூன்றாவது வாரம், விதி விதிதான், யார் விட்டுப்போனது, சொல்லும் மொர்தெகாய், யார், பனியில் கதவோரம் யார் நின்றது, அந்த ஆளை எண்ணமாட்டார்கள், ஆனால் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கிறதே.

இசக்கியப்பன்தான் முதலில் சிரித்தான். அப்பளத்தைக் கடித்த வாயோடு. "அண்ணாச்சி, நீங்க கண்டக்டர் கணக்குல எண்ணியிருக்கீங்க!" "என்ன கணக்கு?" "தலைய எண்ணும்போது டிரைவரையும் கண்டக்டரையும் சேக்க மாட்டோம். எண்ணுதவன் எண்ணிக்கையில வரமாட்டான். இருபது வருசத்துல ஒரு நாளு என்னைய நான் எண்ணுனது கிடையாது. அங்க நிக்கீங்களே, கரண்டியோட, அது யாரு?" அறையே சிரிப்பில் வெடித்தது. டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஹமீது பாய்க்குப் புரையேறியது. சிகாமணி கரண்டியைப் பார்த்தான், கரண்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான், மஞ்சள் படிந்த, யாருடையதோ போன்ற கை. எவ்வளவு நேரமாக? அப்பளத்திலிருந்தா, படிச் சத்தத்திலிருந்தா, எப்போது அந்த ஆள் எழுந்து வெளியே போனான்? முதலில் எண்ணப்படவேண்டிய தலை, அதற்காக ஒரு மாடியையே கட்டிய தலை, அதை யாரோ ஆணியில் மாட்டிவிட்டு வந்த சட்டை மாதிரி மறந்திருந்தான், மறந்தது தெரியாமலே மறந்திருந்தான், அந்த மறதி எவ்வளவு லேசாக இருந்தது, எவ்வளவு மணமாக இருந்தது. ஆஹா, நான் என்னையே மறந்துவிட்டேனே! என்று உள்ளே ஒரு குரல் எழுந்தது, கிரீடத்தோடு, சேனையோடு, கடலிலிருந்து சொட்டச் சொட்ட. பார்வோன் வந்துவிட்டான். "வந்துட்டான்யா!" என்று சிகாமணி வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தான், "இப்பத்தான் போனான், பெருமையடிக்கத் திரும்பி வந்துட்டான்!" யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, ஒன்பது பேருக்கும் அவரவர் பார்வோனைத் தெரியும்.

"பேசுனது போதும், ஏறிட்டீங்கன்னா உக்காருங்க அண்ணாச்சி, வண்டி நிக்கி" என்றான் இசக்கி. சிகாமணி காலியாயிருந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். யாரோ அவன் கரண்டியைப் பிடுங்கி அவன் இலையிலேயே முதலில் வைத்தார்கள், வேண்டாம், இப்பதான், என்று ஆரம்பித்து, அந்தப் பொய் பாதியிலேயே சிரிப்பாகிவிட, இலையை முன்னால் நகர்த்திக் கொடுத்தான். "ஒரு நிமிசம், சரியா எண்ணிக்கிடுதேன்" என்று இசக்கியப்பன் எழுந்தான், காதிலிருந்து பேனாவை உருவினான், அப்புறம் சிகாமணியைப் பார்த்தான், கேட்கிறமாதிரி. "எண்ணும் வே," என்றான் சிகாமணி, "நல்லா தட்டி எண்ணும்." ஒன்னு என்று டீச்சர் தலை, ரெண்டு, மூணு, நாலு, வட்டமாகச் சுற்றி வந்தான், எட்டில் ஏசுவடியான், ஒன்பதில் தன் தலையையே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான், சர்வீஸில் முதல் தடவையாக. பிறகு பேனாவின் முனை சிகாமணியின் உச்சந்தலையில், முடி கொட்டிப்போன அந்த இடத்தில், டக்கென்று விழுந்தது. "பத்து" என்றான் இசக்கி, சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினான். "ரைட், போலாம்!"